புத்தளக் கரையில் ஒரு கட்டு வைக்கோல்

கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் பற்றிப் பேசுவதே வரலாறு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அக்கோட்டைக்குக் கல் சுமந்த எருது அன்றிரவு எதைத் தின்றது, அதற்குத் தீனி போட்டவன் வேறெந்தப் பிராணியைப் பட்டினி போட்டு அதைக் கொடுத்தான் என்ற கேள்வி நூல்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திற் குடியிருந்த உழவனுக்கும் உப்பு வாணிகனுக்கும் ஆண்டுதோறும் எழுந்த முதற் கேள்வி அதுவே. கொட்டிலில் இருப்பது ஒரு கட்டு வைக்கோல். எதிரே நிற்பவை நான்கு பிராணிகள். எதற்கு எவ்வளவு? இந்தப் பங்கீடு காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை இன்று சிறிது விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நிலத்தைப் பார்க்கவேண்டும். தெற்கே மாரவில, சிலாபம் தொடங்கி வடக்கே வண்ணாத்திவில்லு வரை நீண்டு கிடக்கும் இக்கரையில், வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகிறது. சிலாபத்துக்குத் தெற்கே தென்னை செழித்து நிற்கும் ஈரநிலம். புத்தளத்தை அடையும்போது ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1100 மில்லிமீற்றராகிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிடும். சித்திரையை ஒட்டி ஒரு சிறு மழை உண்டு. வைகாசி பிறந்துவிட்டால் புரட்டாதி வரை வானத்தை எதிர்பார்ப்பதிற் பயனில்லை. தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் வாரி அடிக்கும். கல்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலம் பெய்த நீரை மேற்பரப்பில் நிறுத்திவைப்பதுமில்லை. அது கீழே இறங்கி நன்னீராகத் தங்குகிறது. கிணறு தோண்டினால் மனிதனுக்குத் தண்ணீர் கிடைக்கும். புல்லின் ஆழமற்ற வேருக்கு அது எட்டாது.

ஆகவே இங்கே தீவனத்துக்கென ஒரு தனிப் பஞ்சாங்கம் உண்டு. தை மாதத்தில் எங்கும் பச்சை. அப்போது பங்கீடு என்ற பேச்சே எழுவதில்லை. மாசி, பங்குனியில் உள்நாட்டுக் குளங்களின் கீழே காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும். அதைப் போராக வைத்து, மழை நனைக்காமலும் கறையான் அரிக்காமலும் காத்து, ஆவணி, புரட்டாதி வரை கைப்பிடி கைப்பிடியாக உருவிப் போடவேண்டும். வயலில்லாத கரையோரத்தானுக்கு அந்த வைக்கோலும் விலைக்கு வாங்க வேண்டிய பொருள். அவனிடம் சொந்தமாக இருப்பவை களப்பின் ஓரத்து உமரியும் கோரையும், கண்டல் மரத்தின் தழையும், வேலியிலுள்ள பூவரசங் குழையுமே.

இனி இக்கரைக்கே உரிய ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். புல்லைக் கருக்கும் அதே வெயில்தான் உப்பை விளைவிக்கிறது. களப்பு நீர் வற்றி உப்பளங்களில் வெள்ளைப் பாறை படிவது ஆடி, ஆவணி மாதங்களில். மழை தொடங்கினால் உப்பு கரைந்துபோகும். ஆதலால் அதை வாரிக் குவித்து, ஏற்றி அனுப்பும் வேலை முழுவதும் கோடைக்குள் நடந்தாக வேண்டும். சுமக்கும் பிராணிக்கு ஆண்டிலேயே மிகக் கடுமையான உழைப்பு வந்து சேரும் காலமும், அதற்குத் தின்னக் கொடுக்க ஆண்டிலேயே மிகக் குறைவாக இருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. தலவிலையில் புனித அன்னம்மாள் திருவிழாவும் ஆடி, ஆவணியிலேயே வருகிறது. மாட்டுவண்டிகளில் யாத்திரிகர் திரண்டு வந்த காலத்தில், வண்டிக்காரனுக்கும் இதே இக்கட்டு இருந்திருக்கும். உழவுக்கு மாடு தேவைப்படும் காலத்தில் மழை பெய்து புல்லும் முளைத்துவிடும் ஊர்களில் இருப்போருக்கு இந்தத் துன்பத்தின் முழு அளவும் விளங்குவது அரிது.

இங்கே உப்பு வணிகம் மிகப் பழையது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, பத்தாலா என்று குறிப்பிடும் துறையில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவன் கொடுத்த பல்லக்கிலேறிச் சிவனொளிபாதமலைக்குப் பயணமானார். பத்தாலா என்பது புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. கரையிற் கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்தமையை அவர் வியந்து எழுதியிருக்கிறார். கடலுக்கும் மலைநாட்டுக்கும் இடையே ஒரு வழி அன்றே திறந்திருந்தது என்பதற்கு அவர் பயணமே சான்று.

பிற்காலத்தில் அவ்வழியே உப்பும் கருவாடும் மேலே போயின. பாக்கும் பிற மலைநாட்டு விளைபொருள்களும் கீழே வந்தன. அவற்றைச் சுமந்தவை பொதிமாடுகள். சிங்களத்திலும் நம் பேச்சிலும் தவலம் என்று வழங்கும் அந்தப் பொதிமாட்டுக் கூட்டங்களை நடத்தியவர்களுட் பலர் சோனகர். கண்டி அரசர்கள் மடிகே பத்த என்றொரு போக்குவரத்துத் திணைக்களத்தையே வைத்திருந்தனர். முஸ்லிம் குடிகள் பலர் அதிற் சேர்ந்து, தாங்கள் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக அரசனின் பொருள்களைத் தங்கள் மாடுகளிற் சுமந்து கொடுத்தனர். பகைவர் படை நுழையலாகாது என்பதற்காகக் கண்டியார் அகன்ற பாதைகளை அமைக்காமலிருந்தனர். வண்டி போக வழியில்லாத அந்த ஒற்றையடிப் பாதைகளில், இருபுறமும் சாக்குப் பொதி தொங்க, சிறிய உடலும் உறுதியான குளம்புமுள்ள நாட்டு எருதே போகமுடிந்தது.

அக்காலக் கொட்டிலில் முதற் பங்கு எதற்குக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. உப்பைச் சுமந்து போகும் எருதுக்கே வைக்கோல். புறப்படுவதற்கு முன்னுள்ள வாரங்களில் அதன் விலா எலும்பு மறையும்படி ஊட்டவேண்டும். மெலிந்த முதுகில் பொதி அழுத்தினால் புண் விழும், புண் விழுந்த மாடு அந்தப் பருவம் முழுவதும் பயன்படாது. பால் வற்றிய பசு, கன்று, கிழமாடு ஆகியவை களப்போரத்தில் தாமே தேடித் தின்றன. ஆனால் தவலத்துக்கு ஒரு நன்மையும் இருந்தது. கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல, குளங்களும் அவற்றின் தாழ்நிலத்துப் புல்லும் அறுவடை முடிந்த வயல்களின் தாளும் வந்தன. மாடு சுமையோடு நடந்தாலும் கரையில் இல்லாத தீனி அதற்கு வழியிற் கிடைத்தது. உப்பு வணிகம் என்று நாம் சொல்வது, வறண்ட கரையின் மாடுகளைப் பிறர் குளத்தங்கரையில் மேய்த்துக் காப்பாற்றும் ஓர் ஏற்பாடாகவும் இருந்தது என்பது என் கருத்து. அவ்வணிகம் நின்றபோது இலாபத்தோடு அந்த மேய்ச்சலும் போயிற்று.

எருதோடு கழுதையும் இக்கரையிற் பொதி சுமந்தது. புத்தளம், கல்பிட்டி, மன்னார் என்ற பெயர்களோடு கழுதை ஒட்டிக்கொண்டிருப்பதை நேயர்கள் அறிவீர்கள். அதை வைத்து நம்மைக் கேலி செய்வோரும் உண்டு. 17ஆம் நூற்றாண்டிற் கண்டி நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், அந்நாட்டு விலங்குகளைப் பட்டியலிடும்போது குதிரை, கழுதை, செம்மறி ஆகியவை அங்கு இல்லை என்று திட்டமாகக் கூறுகிறார். அவருடைய நூல் 1681இல் வெளிவந்தது. மலைநாட்டில் இல்லாத இவ்விலங்கு கடல்வழியே வந்து கரையோடு தங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது ஊரார் வழக்கு.

கழுதையை இக்கரை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதன் வயிறு. மாடு தின்றதை இரைப்பையில் ஊறவைத்து, அசைபோட்டு, மெல்லச் செரிக்கிறது. தீனி முரடாக இருந்தாற் செரிமானம் மேலும் தாமதமாகி, அடுத்த வாய் தின்ன இடமில்லாமற் போகிறது. கழுதைக்கோ அந்தத் தடை இல்லை. தின்றது பின்குடலில் நொதித்து விரைவில் வெளியேறிவிடுவதால், தரங்குறைந்த சருகையும் அது மிகுதியாகத் தின்று ஈடுசெய்துகொள்கிறது. வடகிழக்கு ஆபிரிக்காவின் வறள்நிலத்தில் தோன்றிய இனமாகையால் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தாங்கும். ஆகவே பங்கீட்டில் அதற்கெனப் பங்கு வைக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை. பொதியை இறக்கியதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி விரட்டிவிட்டார்கள். மறுநாள் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளமும் சாப்பாடும் இல்லாத அவ்வேலையாளின் துணையால் மிஞ்சிய வைக்கோல் எருதுக்குப் போயிற்று.

1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கண்டி அரசன் கரை முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தான். ஆயினும் சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பெடுத்துச் செல்லும் உரிமை கண்டியாருக்கு விடப்பட்டது. உப்பின்றி மலைநாடு வாழாது என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. பின்னர் வந்த பிரித்தானியர் உப்பை அரசின் ஏகபோகமாக்கினர். 1815இற் கண்டி வீழ்ந்தபின் அகன்ற வீதிகளையும் போடத் தொடங்கினர். வீதியோடு வண்டி வந்தது. பொதியெருது சுமந்ததைப் பன்மடங்காக்கி வண்டியெருது இழுத்தது. கொட்டிலின் முதலிடம் அதற்கு மாறிற்று.

அதைவிடப் பெரிய மாற்றம் நிலத்தில் நேர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிகாட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவை எனக் கொண்டது. கோப்பித் தோட்டங்களின் கதையைச் சொல்லும்போதே இச்சட்டத்தை நாம் நினைவுகூர்கிறோம். கரையோரத்திலும் அதன் நிழல் விழுந்தது. உழவன் பரம்பரையாக மாட்டை ஓட்டிவிட்ட பற்றைக்காட்டுக்கு அவனிடம் உறுதி ஏது? அத்தகைய நிலங்கள் விலைபோயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிலாபம், புத்தளம் பகுதிகளில் தென்னந்தோட்டங்கள் பெருகின.

தென்னையின் கீழும் புல் உண்டு. ஓலை விரிந்த மரங்களினூடே வெயில் நிலத்திற் படுவதால் அங்கே புல் வளரத்தான் செய்கிறது. ஆனால் அது தோட்டக்காரனுக்குரிய புல். காணியில்லாதவன் அவன் இசைவோடு மாட்டைக் கொண்டுபோய், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டி மேய்ப்பான். களை குறைவதும் சாணம் அங்கேயே விழுவதும் தோட்டக்காரனுக்கு இலாபம். கேட்பதற்கு இனிய உடன்பாடுதான். எனினும் இசைவு கொடுத்தவன் அதை மறுக்கவும் வல்லவன். இளங்கன்று நட்ட தோட்டத்தில் மாடு நுழையலாகாது. வறட்சியிற் புல் குறைந்தால் தோட்டத்து வண்டிமாடுகளுக்கே அது போதாது. பொதுநிலத்திற் பிராணிகளுக்குள் நடந்த பங்கீடு, அன்று முதல் மனிதருக்குள் நடக்கும் பங்கீடாயிற்று.

தென்னையிலிருந்து மற்றொரு தீவனமும் பிறந்தது. கொப்பறாவை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் நூற்றுக்கு இருபது பங்கையொட்டிப் புரதம் உண்டு. முதலாம் உலகப் போருக்கு முன்னுள்ள காலத்தில் இலங்கைப் பிண்ணாக்கிற் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் கப்பலேறிற்று. அங்குள்ள பசுக்கள் அதைத் தின்று பால் கறந்தன. அம்மரங்களின் நிழலிற் கட்டப்பட்டிருந்த நாட்டுப்பசு வற்றலாய்க் கிடந்த புல்லை நக்கிற்று. விலை கொடுக்க வல்லவனின் பசுவே முதலில் உண்ணும் என்பது கடல் கடந்தும் செல்லுபடியாகும் விதியாயிருந்தது. லுணுவிலயில் 1929இல் தென்னை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தென்னையின் கீழ் மேய்ச்சற் புல் வளர்ப்பதையும் மாடு கட்டுவதையும் அங்குள்ளோர் பின்னாளில் முறையாக ஆராய்ந்து, தோட்டக்காரருக்குப் பரிந்துரைகள் வழங்கினர். காணியுள்ளவனுக்கு அவை பயன்பட்டன.

புகையிரதப் பாதை 1909இல் நீர்கொழும்புக்கும், 1916இற் சிலாபத்துக்கும், 1926இற் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் லொறிகளும் பெருகின. உப்பு இரும்புச் சக்கரத்திலும் றப்பர்ச் சக்கரத்திலும் ஏறிற்று. எருதுக்கு வேலை போனாலும் விலை போகவில்லை. உழவுக்கு விற்கலாம், இறைச்சிக்கும் விற்கலாம். கழுதையின் கதை வேறு. அதன் பாலைக் கறந்து விற்கும் வழக்கம் இல்லை. அதன் இறைச்சி முஸ்லிம்களுக்கு விலக்கு, பிறரும் உண்பதில்லை. வேலையைத் தவிர வேறெந்த மதிப்பும் இல்லாத பிராணிக்கு வேலை போனால் உடைமையாளனும் போய்விடுகிறான். பிடித்துக் கட்டுவார் இன்றி அவை தெருவில் நின்றன, பெருகின. இன்று புத்தளம் நகரிலும் கல்பிட்டி வீதியிலும் காணப்படும் கட்டாக்காலிக் கழுதைகள் அந்த உப்புச் சுமைதாரிகளின் வழிவந்தவை. எங்கள் பாடசாலை மதிலோரத்தில் எறியப்படும் கடதாசிப் பெட்டிகளை அவை பொறுமையாக மென்று தின்பதை நாள்தோறும் பார்க்கிறேன். நார்ப்பொருள் எந்த உருவில் வந்தாலும் அவ்வயிறு ஏற்றுக்கொள்கிறது. அதனோடு சேர்ந்து உள்ளே போகும் பொலித்தீனைத்தான் அது ஏற்பதில்லை.

சுமைமாடு போனபின், கொட்டிலின் முதலிடம் கறவைப்பசுவுக்கு வந்தது. இந்த இடத்திற் சிறிது நின்று, ஒரு குடியானவன் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. நாட்டுமாடு ஒன்று ஏறத்தாழ 200 கிலோகிராம் நிறையுடையது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்தீனி அதற்கு நாளொன்றுக்கு வேண்டும். அதாவது 5 அல்லது 6 கிலோகிராம். கறவைப்பசு ஒன்று, வற்றிய பசு ஒன்று, நாம்பன் ஒன்று, கிழ எருது ஒன்று என நான்கு இருந்தால் இருபது கிலோகிராமுக்கு மேல் வேண்டும். ஆவணி மாதத்தில் இருப்பது பத்து என்று கொள்வோம். நீதியாக நான்கு கூறிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. எதற்கும் உயிரைத் தாங்கும் அளவே எட்டவில்லை. பசுவின் பால் நிற்கும், நான்கும் ஒன்றாக மெலியும், மழை வருவதற்குள் ஒன்றிரண்டு விழும். சமமாகப் பிரிப்பது இங்கே நான்கையும் இழக்கும் வழி. ஆகவே குடியானவன் கறவைக்கு ஐந்து கொடுக்கிறான். அதன் பாலே மற்றவற்றுக்குத் தவிடு வாங்கும் காசு. நாளைக்கு விலைபோகும் நாம்பனுக்கு மூன்று. வற்றிய பசு சினையாயிருந்தால் எஞ்சியது அதற்கு; இல்லையேல் அதுவும் கிழ எருதோடு களப்பைப் பார்த்து நடக்கவேண்டியதுதான். கல்நெஞ்சக்காரன் என்று அவனைப் பழிப்பவர்கள், ஒரு கோடை முழுவதும் அந்தக் கொட்டிலின் பொறுப்பை ஏற்றுப் பார்க்கட்டும்.

தீனியின் அளவு ஒரு புறம். அதன் வகை மறுபுறம். வைக்கோலிற் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கையொட்டியே உண்டு. மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நன்கு தொழிற்பட ஏறத்தாழ ஏழு பங்கு வேண்டும். அது குறைந்தால், வைக்கோல் நிறையக் கிடந்தாலும் மாடு அதைத் தின்னாது, தின்றதும் செரிக்காது. ஒரு கைப்பிடி பிண்ணாக்கோ ஓர் அணைப்புப் பச்சைக் குழையோ சேர்ந்தால் அதே வைக்கோல் உடம்பிற் சேர்கிறது. பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை வைக்கோலின் மேல் தெளித்துக் கொடுத்த பாட்டிமார் நுண்ணுயிரை அறியார், பயனை அறிந்திருந்தனர். கழுநீரும் கஞ்சியும் தவிடும் யாருக்கு என்பதை முடிவு செய்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. வைக்கோற்போர் ஆணின் ஆட்சி என்றால், அடுக்களையிலிருந்து வெளிவருவது பெண்ணின் ஆட்சி. அந்த இரண்டாம் ஆட்சியில் முதற் குடிமகன் ஆடு.

ஆட்டை ஏழையின் பசு என்பர். நான் அதை ஏழைப் பெண்ணின் சேமிப்பு வங்கி என்பேன். வைக்கோலுக்கு அது மாட்டோடு போட்டியிடுவதில்லை. கொக்கத்தடியால் இழுத்துப் போட்ட பூவரசும் முள்முருக்கும் கண்டல் தழையும் அதற்குப் போதும். மாட்டின் வாய் நிலத்தை நாடும், ஆட்டின் வாய் கிளையை நாடும். ஆகவே இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது குறைந்த தீனியை நிறைத்துக்கொள்ளும் தந்திரம். கல்பிட்டியில் வெங்காயம் பயிரிடுவோர் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. விலை விழுந்த வெங்காயத்தை மாட்டுக்கு நிறையப் போட்டால் அதன் செங்குருதி அணுக்கள் சிதைந்து நோய்வாய்ப்படும். ஆடு அதை மாட்டைவிட அதிகம் தாங்கும். கழுதைக்கும் அது கேடு. ஆட்டினத்தைப் பெருக்கவும் அரசு முயன்றது. இம்மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையில் ஜமுனாபாரி ஆட்டை நாட்டாட்டோடு கலந்து உருவாக்கிய இனம் அப்பண்ணையின் பெயராலேயே வழங்குகிறது. உருவிற் பெரிய ஆடு, தின்பதும் பெரிது என்பதை வாங்கிச் சென்றோர் விரைவிற் கண்டுகொண்டனர்.

வரவு செலவுக் கணக்கை மீறும் பங்கு ஒன்றும் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானுக்கென நேர்ந்த காளையோ கடாவோ வீட்டிலிருந்தால், அதற்கு ஊனமோ மெலிவோ வரலாகாது. இந்துக்களிடையே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கடாவுக்கும் இவ்வாறே தனிக் கவனிப்பு. அது பாலும் தராது, வேலையும் செய்யாது. ஆயினும் நல்ல குழை அதற்குத்தான். பிறை கணக்கில் வரும் பெருநாள் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முந்தி வருவதால், சில ஆண்டுகளில் அது மாரியின் செழிப்பில் வரும். சில ஆண்டுகளிற் கோடையின் கொடுமையில் வரும். 2017ஆம் ஆண்டு பெருநாள் செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் வந்தது. அவ்வாண்டு வறட்சியால் மிகவும் தாக்குண்ட மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. கறவைப்பசுவா, குர்பான் காளையா என்ற கேள்வியை அந்த ஆவணியிற் பல வீடுகள் எதிர்கொண்டன. பசுவுக்குரியதைக் குறைத்தவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் பங்கீட்டில் இறைவனுக்கும் ஒரு பங்கு இருந்தது.

இத்தனை கணக்குக்கும் அடியில் ஒன்று நிலையாக இருந்து வந்தது. கடைசிப் பிராணிக்கும், அதாவது பங்கு கிடைக்காத பிராணிக்கும், போக ஓர் இடம் இருந்தது. களப்போரம், பற்றைக்காடு, வற்றிய குளத்தின் தரை ஆகியன அவ்விடங்கள். கடந்த நூறாண்டுகளில் அந்த இடம் சுருங்கி வந்திருக்கிறது. 1938இல் வில்பத்து தேசியப் பூங்காவாயிற்று. காட்டுவிலங்குகளுக்கு அது வேண்டியதே, ஆயினும் வடபுறத்து மேய்ச்சலின் எல்லை அங்கே முடிந்தது. 1980களிற் சிலாபம், முந்தல் களப்புகளைச் சுற்றி இறால் வளர்ப்புக் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டலும் உவர்ப்புல்லும் நின்ற நிலம் அவற்றுக்கு இரையாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கைவிட்ட குளத்தில் இறாலும் இல்லை, உப்பூறிய அந்த மண்ணில் மாட்டுக்குப் புல்லும் இல்லை.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். மன்னாரிலும் முசலியிலும் பட்டிபட்டியாக மாடு வைத்திருந்தவர்கள் அவற்றை அவிழ்த்துவிட்டுக் கைப்பையோடு வந்தனர். அவர்களுக்கு இடங்கொடுத்த ஊர்களிற் பல, தங்கள் ஆடுமாடுகள் மேய்ந்த வெறுங்காணியிலேயே முகாம் அமைக்க விட்டுக்கொடுத்தன. இதைப் பெருந்தன்மை என்று பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். அதற்கு ஊரார் கொடுத்த விலையிற் புல்லும் ஒரு பகுதி என்பதை யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. வந்தவர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் ஓரிரு ஆடு வாங்கி வளர்க்கத் தொடங்கியபோது, வேலிக் குழைக்கு இரு தரப்பாரும் கை நீட்டவேண்டி வந்தது. அதனாற் சில்லறைச் சச்சரவுகள் எழுந்ததுண்டு. உறவு முறிந்துபோகவில்லை என்பதும் உண்மை.

தீவனத்தைப் பெருக்கும் வழிகளும் நம் நாட்டிலே ஆராயப்பட்டன. 1980களில் நெதர்லாந்தின் உதவியோடு வைக்கோலைப் பதப்படுத்தும் ஆய்வுகள் நடந்தன. 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை ஏறக்குறைய 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பத்து நாள் வரை மூடிவைத்தால், வைக்கோல் மென்மையாகிப் புரதமும் கூடுகிறது. யூரியாவின் அளவு மிஞ்சினால் மாட்டுக்கு நஞ்சு. முறை நல்லது, கரையோரத்துக் குடியானவனுக்கு அது பெரிதும் எட்டவில்லை. பதப்படுத்துவதற்கு முதலில் வைக்கோல் வேண்டுமன்றோ? உள்நாட்டு வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோலை நெருப்பு வைத்து எரிப்போர் இன்றும் உளர். அதைக் கட்டி லொறியில் ஏற்றிக் கல்பிட்டிக்குக் கொணரும் கூலி, ஓர் ஆட்டுக்காரனாலோ இரண்டு மாட்டுக்காரனாலோ கொடுக்கக்கூடியதன்று. ஒரு கூட்டுறவுச் சங்கம் மாசி மாதத்தில் வாங்கி வைத்து ஆடியில் விற்கலாம் என்று பல கூட்டங்களிற் பேசியிருக்கிறோம். பேச்சாகவே இருக்கிறது.

வைக்கோலைவிடக் கைக்கெட்டுவது கிளிசரியா. மத்திய அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிழல்மரமாக இந்நாட்டுக்கு வந்த இதைத் தென்னைகளுக்கிடையே நடும்படி தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தழை தென்னைக்கு உரம், ஆடுமாட்டுக்குத் தீனி, தடி அடுப்புக்கு விறகு. வேலியில் நட்டாலும் போதும். ஒரு தடியை வெட்டி ஊன்றினால் மழைக்குள் வேர்விடும். வெட்டாமல் விட்ட மரம் கோடையில் இலையுதிர்த்துவிடும். மழை ஓய்ந்ததும் ஒரு முறை வெட்டிவிட்டால், புதுத் தளிர் கோடையிலும் பச்சையாக நிற்கும். அதன் மணம் பிடிக்காமல் ஆடு முதலில் முகர்ந்துவிட்டு விலகிப்போவதைக் கண்டு பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வெட்டிய குழையை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, பழகிய பூவரசங் குழையோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால், சில நாட்களில் தின்னப் பழகிவிடும்.